நீச்சல் தெரியாதோர் சங்கம்

ஜனவரி 18

மதிப்பிற்குரிய கண்ணாடிக் கடை அம்மாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் படகில் 'விசில்' என்ற பெயரில் துடுப்புப் போடும் விளையாட்டு டீச்சரின் தம்பி நான். கூடப் பிறந்தவன், ஒரே தம்பி. நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

படகு என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. நாலு பேர் நாலு ஊரில் அவரவர் வீட்டில் துடுப்பு மெஷினில் உட்கார்ந்து இழுக்கிறீர்கள். இழுத்த தூரத்தை மாலையில் இணையதளத்தில் பதிகிறீர்கள். நாலு தூரமும் சேர்ந்து, வரைபடத்தில் நடுக்கடலில் ஒரு சின்னச் சிவப்புப் படகு ஏதோ ஒரு தீவை நோக்கி நகர்கிறது. அதற்கு 'நீச்சல் தெரியாதோர் சங்கம்' என்று பெயர் வேறு. அக்காவைப் பொறுத்தவரை அது சத்தியமான உண்மை. இடுப்பளவு தண்ணீரில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியவள் அவள்.

அவளுடைய பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் குழுவைப் பற்றிப் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து நானும் அந்த வரைபடத்தைப் பார்க்கிறேன். நான் லிஃப்ட் மெக்கானிக். மத்தியானம் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது கூடவே ஃபோனையும் திறப்பேன். அக்கா பெயருக்கு எதிரே முந்தின நாள் இழுத்த தூரம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவேன்.

போன வாரம் அவளோடு முன்பு வேலை பார்த்த டீச்சர் ஒருவரை ஒரு லிஃப்டுக்குள் சந்தித்தேன். "உங்கக்கா ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டாங்க?" என்று கேட்டார். ஆனால் வரைபடத்தில் அவள் தூரம் குறையவே இல்லையே, கூடியல்லவா இருக்கிறது. எதை நம்புவது என்று தெரியவில்லை.

படகின் இணையப் பக்கத்தில் முகவரி என்று இருப்பது உங்கள் கடையுடையது மட்டும்தான். அரட்டைப் பெட்டியில் எழுதினால் அவள் கண்ணில் பட்டுவிடும், அதனால்தான் தபால். ஒரே கேள்வி. அவள் நன்றாக இருக்கிறாளா? இல்லை என்றால் என் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அன்றே கிளம்பிவிடுவேன். நன்றாக இருக்கிறாள் என்றால் இன்னும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருப்பேன். நான் கேட்டதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
விசிலின் தம்பி


ஜனவரி 29

விசிலின் தம்பிக்கு,

'மதிப்பிற்குரிய', 'அம்மா' என்று இரண்டையும் ஒரே வரியில் போட்டு என் வயதைக் கூட்டிவிட்டீர்கள். படகில் என் பெயர் பைனாகுலர். கண்ணாடிக் கடை வைத்திருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? தினமும் காலையில் கடலில் என்ன தெரிகிறது என்று அறிவிப்பது என் வேலை. வலது பக்கம் தண்ணீர், இடது பக்கம் தண்ணீர், முன்னால் கொஞ்சம் தண்ணீர். இதைத்தான் தினமும் அறிவிக்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். பேக்கரிக்காரர் ஒருவர், பெயர் பிஸ்கட். கப்பல் கஜானாவே அவர் பொறுப்பு என்று சொல்லிக்கொள்வார். இன்னொருவர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோரையும்விட மெதுவாக இழுப்பார், ஆகவே அவர் பெயர் புயல். இந்த மூன்று ஜென்மங்களையும் கட்டி மேய்ப்பவர் உங்கள் அக்கா. காலையில் குரல் பதிவில் ஒரு விசில் ஊதுவார் பாருங்கள், என் ஸ்டோர் ரூமில் அடுக்கி வைத்திருக்கும் ஃபிரேம் பெட்டிகள் எல்லாம் ஆடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் படகில் ஒரு சட்டம் உண்டு. கரைக் கதை படகில் ஏறக் கூடாது. முதல் வாரம் பிஸ்கட் தன் வீட்டுக்காரி கோபித்துக்கொண்டு போன கதையை ஆரம்பித்தார். நாங்கள் மூன்று பேரும் துடுப்பைப் போட்டுவிட்டு அழுதோம். படகு ஒரு அங்குலம் நகரவில்லை. அன்றைக்கு விசில் போட்ட சட்டம் இது. வீடு, வியாதி, கடன், கண்ணீர் எல்லாம் கரையிலேயே இருக்கட்டும் என்றார். அதனால் யார் வீட்டில் என்ன என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

முதுகுப் பிடிப்பு என்று ஒரு தடவை சொன்னார். எங்களில் யாருக்கு முதுகு பிடிக்கவில்லை? தூரத்தைத்தான் நீங்களே பார்க்கிறீர்களே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குக் குறைந்தால் இணையதளமே ஆளைக் குழுவிலிருந்து நீக்கி, கடலில் தள்ளிவிடும். உங்கள் அக்கா இன்னும் படகில்தான் இருக்கிறார்.

நீங்கள் எழுதியதை மூச்சுவிட மாட்டேன். வாக்கு என்றால் வாக்கு. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு முறுக்கிக்கொண்டு நிற்க உங்களுக்குத்தான் வலிக்கும்.

பைனாகுலர்


பிப்ரவரி 20

பைனாகுலர் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மோட்டார் அறையில் வைத்துப் படித்தேன். சிரித்த சிரிப்பில் உதவியாளர் என்னமோ ஏதோ என்று ஏறி வந்துவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த டீச்சருக்குக் கண்ணாடி மாற்றச் சொல்லி உங்கள் கடைக்கு அனுப்பி வைக்கிறேன்.

நான் ஏன் பேசுவதில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததாலேயே சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. உங்கள் சட்டம் படகுக்குத்தானே, தபாலுக்கு இல்லையே.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். என் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்ததிலிருந்து எனக்கு முதல் ரேசர் வாங்கிக் கொடுத்தது வரை அவள்தான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு லிஃப்ட் உரிமத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தினமும் ஃபோன் செய்வேன். "அப்பா நல்லாத்தான் இருக்காரு, நீ எழுதி முடிச்சிட்டு வா" என்பாள். நான் எழுதி முடித்துவிட்டு வந்தேன். அப்பாவை எடுத்துவிட்டு எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

என் நன்மைக்காகத்தான் மறைத்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கட்டும். அப்பா என்னைக் கேட்டாரா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. அந்த வாசலில் நின்று நான் சொன்னது இதுதான்: "இனிமே உனக்கே ஒண்ணுன்னாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதே." அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஃபோனை எடுத்திருக்கிறேன், வைத்திருக்கிறேன். முதலில் யார் இறங்கி வருவது என்பதில் வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரு சாக்கு கிடைத்தால் போய்விடலாம் என்று பார்க்கிறேன். படகு ஒரு நாள் நின்றுபோனால்கூட, 'என்ன ஆச்சு' என்று கேட்டுக்கொண்டு போய் நிற்கலாம். உங்கள் படகு நிற்கவே மாட்டேன் என்கிறது. ஆகவே வேறு முடிவு எடுத்திருக்கிறேன். நீங்கள் அந்தத் தீவைத் தொடுகிற அன்று அவள் வீட்டு வாசலில் நிற்பேன். ஜெயித்த அன்றைக்கு யாரும் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். இதையும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

விசிலின் தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

படகுச் செய்தி முதலில். செவ்வாய்க்கிழமை பிஸ்கட் கடற்கொள்ளையர் வந்துவிட்டதாக அறிவித்தார். கேக் வெட்டும் கத்தியோடு எதிர்த்து நிற்பதாகப் படம் போட்டார். புயல் உடனே சரணடைந்துவிட்டார். சரண் பத்திரத்தை முறைப்படி டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, இரண்டு நகல் வேறு அனுப்பினார். விசில் அதைப் படித்துவிட்டு, "கொள்ளைக்காரங்ககிட்ட புயலைக் கொடுத்திடுங்க, அவங்க படகும் நின்னுரும்" என்று எழுதினார். நான் கடையில் ஒருவர் மூக்கில் ஃபிரேமை வைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன். அவருக்கு ஃபிரேம் பொருந்தவில்லை என்று நினைத்து வேறொன்று கேட்டார்.

தீவு தூரத்தில் இல்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் முன்பைவிடக் கூடுதலாகவே இழுக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள், அது படகு ரகசியம்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சில நாட்களாக விசில் குரல் பதிவு அனுப்புவதில்லை. எழுத்தில்தான் 'பீப்' என்று போடுகிறார். விசில் தொலைந்துபோனதா என்று பிஸ்கட் கேட்டதற்கு, மூச்சைச் சேமிக்கிறேன், தீவில் ஊத வேண்டுமே என்றார். நாங்கள் சிரித்தோம். பிறகு எனக்கு அது சிரிப்பாக இல்லை.

தீவு வரை காத்திருக்கத்தான் வேண்டுமா, தம்பி? சும்மா ஒரு நாள் கிளம்பிப் போனால் என்ன? சரி விடுங்கள், நானே கரைக் கதை பேச ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் வைத்திருக்கிற திட்டம் அழகாகத்தான் இருக்கிறது. அக்கா கதவைத் திறக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு மறக்காமல் எழுத வேண்டும்.

பைனாகுலர்


ஏப்ரல் 14

கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்கு,

படகு நின்றது. இரண்டு நாளாக அதே இடத்தில் நின்றது. ஏன் மறைக்க வேண்டும், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கையில் கிரீஸ்கூடச் சரியாகப் போகவில்லை, அப்படியே பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். 'என்ன டீச்சர், பெட்ரோல் தீர்ந்துபோச்சா?' என்று ஆரம்பிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தது கீழ் வீட்டு அம்மா. அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாளே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. என்னால் என் அப்பாவுக்கும் நிற்க முடியவில்லை, என் அக்காவுக்கும் நிற்க முடியவில்லை.

கல்லீரலில் கட்டியாம். மழைக்காலத்திலேயே தெரிந்துவிட்டதாம். கீழ் வீட்டு அம்மாதான் கஞ்சி கொடுத்து, முதுகைத் துடைத்து, பார்த்துக்கொண்டாராம். "யாருக்கும் சொல்லி அனுப்பக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டா" என்றார்.

கட்டிலை ஒட்டி அந்தத் துடுப்பு மெஷின் இருந்தது. அதன் சீட் மேல் மருந்துப் புட்டிகள். கைப்பிடியில் ஈரத் துண்டு காயப் போட்டிருந்தது. தண்ணீர் ஜாடி, பஞ்சு, வாந்திக்கு ஒரு கிண்ணம். அதை மேசையாக வைத்திருந்தார்கள், அம்மா. எத்தனையோ மாதமாக அதில் ஒருத்தரும் உட்காரவில்லை. எழுந்து உட்காரவே முடியாதவள் தினமும் அத்தனை தூரம் இழுத்ததாக நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். நான் அதைப் பார்த்துத் திருப்தியாகச் சோறு தின்றிருக்கிறேன்.

யார் இழுத்தது அது? நான் உங்களைக் கேட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். 'அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்' என்று எழுதினீர்கள். உங்களை வைத்துக்கொண்டு அவள் இரண்டாம் தடவையும் என்னை ஏமாற்றிவிட்டாள். அப்பாவைப் பார்க்க விடவில்லை. தன்னையும் பார்க்க விடவில்லை. என்னைக் கடைசி வரை வேண்டாதவனாகவே வைத்துவிட்டாள். அவளிடம் கேட்க முடியாது, ஆகவே உங்களிடம் கேட்கிறேன். நான் அவளுக்கு என்ன பாவம் செய்தேன்?


ஏப்ரல் 25

தம்பி,

நாங்கள் மூன்று பேரும்தான் இழுத்தோம். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

எங்கள் படகில் கைமாத்து என்று ஒரு பழக்கம். யாருக்காவது முடியவில்லை என்றால் மற்றவர்கள் தாங்கள் இழுத்ததில் கொஞ்சத்தை அவர் பெயரில் பதிந்துவிடுவோம், தளம் அவரைக் கடலில் தள்ளாமல் இருப்பதற்காக. புயலுக்கு மணிக்கட்டு வீங்கியபோது ஆரம்பித்தது. பிறகு விசிலுக்கு முதுகுப் பிடிப்பு என்றபோது செய்தோம். தளத்துக்குத் தெரிந்தால் படகையே நீக்கிவிடுவார்கள், அதனால் வெளியே சொல்வதில்லை. என்ன வியாதி என்று நாங்கள் கேட்கவில்லை. சட்டம் அப்படி, போட்டவரே அவர்தான். அவர் போனதை வெளியாருக்குத் தெரியாத எங்கள் உள் அரட்டையில் அவர் ஃபோனிலிருந்து கீழ் வீட்டு அம்மா எழுதித்தான் எங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் எங்களில் ஒருவருக்கும் மெஷினில் கை வைக்க முடியவில்லை. அதனால்தான் படகு நின்றது.

இனி நீங்கள் அறியாததைச் சொல்கிறேன். படகை யார் யார், எப்போது பார்க்கிறார்கள் என்பது உள்ளே இருக்கும் எங்களுக்குத் தெரியும். பார்க்கப் பதிந்துகொள்ளும்போது தளம் ஒரு பெயர் கேட்டிருக்கும். நீங்கள் 'மக்கு' என்று கொடுத்திருந்தீர்கள்.

அதற்கு முன்னால் விசில் எங்கள் கைமாத்தே வேண்டாம் என்றுதான் இருந்தார். என்னைக் கடலில் தள்ளிவிட்டு நீங்கள் போங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'மக்கு' வந்த வாரமே ஆள் மாறிவிட்டார். அவர் அந்த வாரக் கடைசியில் எழுதியதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

"எம் பேர்ல தூரம் குறையவே கூடாது. கரையில ஒருத்தன் பாக்குறான். எங்கூடப் பேச மாட்டான், வர மாட்டான், ஆனா தெனமும் மத்தியானம் பாக்குறான். படகு நின்னா அதையும் விட்டுருவான். எப்படியாவது நகத்திக்கிட்டே இருங்க."

பிஸ்கட் விடுவாரா? யார் அந்த மாப்பிள்ளை என்று நாள் முழுக்கக் கேலி. "தன்னைத் தானே மக்குன்னு எழுதிக்கிற மாப்பிள்ளை எங்கே இருக்கான்? அது என் தம்பி, நான் வச்ச பேரு அது" என்றார். ஒவ்வொரு மத்தியானமும் அந்த உள் அரட்டையில் வந்து, வந்துட்டான் என்று ஒரு வார்த்தை எழுதுவார். அது என்றைக்கும் தவறியதில்லை, கடைசி வாரம் வரைக்கும்.

ஆகவே உங்கள் முதல் கடிதம் வந்தபோதே நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். அக்கா தம்பி ரோஷம், கண்ணாமூச்சி ஆடுகிறார்கள், ஆடட்டும் என்று நினைத்தேன். இரண்டு முனையும் என் கையில் இருந்தது, முடிச்சுப் போட எனக்குப் புத்தி இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஸ்டோர் ரூமில் மெஷினில் ஏறினேன். தம்பி கவலைப்படுகிறான், அக்கா தூரம் இன்னும் கூட வேண்டும் என்று உள்ளங்கை பிய்ந்துபோகிற வரை இழுத்து அவர் பெயரில் பதிந்தேன். நீ வந்துவிடாமல் நானே உன்னை இழுத்துப் பிடித்திருக்கிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் உன்னை வேண்டாம் என்று வைத்தார் என்று மட்டும் நினைக்காதே. அது பொய்.

பைனாகுலர்


மே 30

அக்கா,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை. உங்கள் கடிதத்தை எடுப்பேன், அந்த 'வந்துட்டான்' வரைக்கும் படிப்பேன். அதற்கு மேல் கண் தெரியாது.

போன வாரம் வீட்டைக் காலி செய்யப் போனேன். கீழ் வீட்டு அம்மாவிடம் மறுபடி கேட்டேன். யாருக்கும் சொல்லக் கூடாது என்றுதான் சொன்னாளா, வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று. அவர் அழுதுவிட்டார். தம்பிக்காவது சொல்கிறேன் என்று இவர் ஃபோனைக் கையில் எடுத்திருக்கிறார். அக்கா தடுத்துவிட்டாளாம். "ஒரு தடவை அவனைக் கேக்காம என் இஷ்டத்துக்கு நடந்து பட்டாச்சு. இந்தத் தடவையாவது அவன் சொன்னபடி நடந்துக்கறேன்" என்றாளாம்.

நான் கோபத்தில் வாசலில் நின்று கத்தியதை அவள் சட்டமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் எழுதினேன் என்று அவளிடம் சொல்லாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொண்டேன், நீங்களும் காப்பாற்றினீர்கள். அவள் படகை நகர்த்தச் சொன்னாள், அதையும் காப்பாற்றினீர்கள். எங்கள் இரண்டு பேருடைய சொல்லையும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றிய ஒரே ஆள் நீங்கள். எதையாவது ஒன்றை மீறியிருக்கக் கூடாதா? உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னும் அதை எழுத முடியவில்லை. ஒரு நாள் எழுதுவேன்.

மெஷினைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். பிஸ்கட் அண்ணனுக்கும் புயல் ஐயாவுக்கும் சொல்லுங்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவளைக் கடைசி வரை சிரிக்க வைத்திருக்கிறார்கள். நான் அதைச் செய்யவில்லை.

அவள் எனக்குச் சொல்லி அனுப்பவே இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன். தினமும் மத்தியானம் சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இன்னும் இருக்கேன்டா, வா என்று அவள் அனுப்பினாள். நல்லா இருக்கேன், வர வேண்டாம் என்று நான் படித்தேன்.